தேக்குப் பெட்டில போட்ட ஆம்ப்ல ஹம் நிக்கல, எர்த்தும் ஷீல்டும் எங்க குடுக்கணும்?

தேக்குப்பலகை (திருச்சி) | பதிவு 1

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா வீட்டை இடிச்சப்ப வந்த தேக்குக் கதவு ஒன்ன வீணாக்க மனசு வராம அதை அறுத்து இழைச்சு ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பெட்டி பண்ணேன், ஆசாரி மாமா மூலைய எல்லாம் ஆணியே இல்லாம கோத்துக் குடுத்தாரு, பாக்க அவ்ளோ அழகா இருக்கு. உள்ள எல்எம்3886 பவர் ஐசி ரெண்டு, 20-0-20 ஈஐ (தகடு அடுக்குன) டிரான்ஸ்பார்மர் 5 ஆம்பியர், ஏசிய டிசியாக்குற 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிபையர், ஒவ்வொரு பக்கமும் 10000 மைக்ரோபாரட் கப்பாசிட்டர், முன்னாடி என்ஈ5532 ஐசி போட்ட டோன் போர்டு, 50கே ஓம்ஸ் வால்யூம். ஹீட்சிங்க் பின்பக்கம் வெளிய நிக்கிற மாதிரி.

பாட்டு நல்லா பாடுது. ஆனா பாட்டு நிறுத்துனா ஸ்பீக்கர்ல "ர்ர்ர்ர்"னு ஒரு ஹம் சத்தம். ராத்திரி பத்து மணிக்கு மேல பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது. வால்யூம் நாப்ல கைய வச்சா சத்தம் மாறுது, லேப்டாப் மாட்டுனா இன்னும் கூடுது. போர்டை எல்லாம் பெட்டிக்கு வெளிய பலகை மேல பரப்பி வச்சப்பவும் இருந்துச்சு, பெட்டிக்குள்ள போனா போயிடும்னு நெனச்சேன், போகல.

கேட்ட எல்லாரும் "மரப்பெட்டி, அப்படித்தான் இருக்கும், இரும்புப் பெட்டிக்கு மாத்து"ங்கறாங்க. எனக்கு மாத்த இஷ்டமில்ல. உள்பக்கம் முழுக்க அடுப்படில இருக்க அலுமினிய ஃபாயில ஷீல்டா (வெளி சத்தம் ஏறாம தடுக்குற மறைப்பா) ஒட்டிரலாம்னு இருக்கேன், அது போதுமா? அதை எங்க சேக்கணும், மைனஸ்லயா எர்த்லயா? இப்ப கார்டு ரெண்டு பின்தான்.

---

பச்சைஒயர் | பதிவு 2

தம்பி, ஹம்மை அப்புறம் பாப்போம். ரெண்டு பின் கார்டு, ஹீட்சிங்க் வெளிய, வால்யூம் ஷாப்ட் மெட்டல். இந்த மூணும் சேந்தா எனக்குத் தூக்கம் வராது.

பெட்டி மரம்ங்கறதால ஷாக் அடிக்காதுன்னு நெனைக்காத. மரத்தைத் தாண்டி வெளிய எட்டிப் பாக்குற மெட்டல் எல்லாமே கை படுற மெட்டல்தான். டிரான்ஸ்பார்மர் உள்ள இன்சுலேஷன் என்னிக்காவது எரிஞ்சு பிரைமரி (மெயின்ஸ் பக்கச் சுத்து) செகண்டரில (ஆம்ப் பக்கச் சுத்து) தொட்டுச்சுன்னா 230 வோல்ட் நேரா உன் ஸ்பீக்கர் ஒயர் வரைக்கும் வரும், ஆடியோ ஒயர் மாட்டுற ஆர்சிஏ பின் வரைக்கும் வரும்.

மூணு பின் கார்டு வாங்கு, 0.75 ஸ்கொயர் எம்எம் இருந்தா போதும். பச்சை ஒயர (எர்த்) ரிங் லக்குல (வளைய முனைல) கிரிம்ப் பண்ணி டிரான்ஸ்பார்மர் கால்ல தனி போல்ட்ல முடுக்கு, அந்த எடத்துல பெயிண்ட்ட உப்புத்தாள் போட்டு சுரண்டிட்டு பல்லு வாஷர் வச்சு முடுக்கு. அங்கேர்ந்து ஹீட்சிங்குக்கு ஒரு ஒயர். பிளக்க உருவி வச்சிட்டு பிளக்கோட பெரிய பின்னுக்கும் ஹீட்சிங்குக்கும் மீட்டர் வச்சுப் பாத்தா மீட்டர் லீடோட சொந்த ஓம்ஸைக் கழிச்சா அரை ஓம்ஸ் கூட காட்டக் கூடாது. லைவ் ஒயர்ல சுவிட்சுக்கு முன்னாடியே ஃபியூஸ்.

உங்க வீட்டு சாக்கெட்ல எர்த் வருதான்னும் பாரு. சில வீட்டுல சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயர்ல சேத்து விட்டிருப்பாங்க, டெஸ்டர்ல ஒன்னும் தெரியாது, ஆனா வெளிய நியூட்ரல் கட் ஆச்சுன்னா உன் ஹீட்சிங்க்ல 230 நிக்கும். போன மாசம் ஒரு வீட்டுல வாஷிங்மெஷின் பாடில அப்படித்தான் நின்னுச்சு, ஈரத் தரை வேற, நல்லவேளை அந்தம்மா செருப்புப் போட்டிருந்தாங்க.

---

தேக்குப்பலகை | பதிவு 3

அண்ணே சாக்கெட்ட கழட்டிப் பாத்தேன், எர்த் தனி ஒயர்தான் போகுது. ஆனா ஆம்ப் இன்னும் ரெண்டு பின்லதான் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டு ஹீட்சிங்குக்கும் சாக்கெட் எர்த்துக்கும் மீட்டர் வச்சேன், 90 வோல்ட் ஏசி காட்டுது!! இத்தனை நாள் இதத்தான் தொட்டுக்கிட்டு இருந்தேனா? டிரான்ஸ்பார்மர் போச்சா?

---

மில்லிவோல்ட் | பதிவு 4

பயப்படாதீங்க, ஆனா அலட்சியமாவும் விடாதீங்க. டிஜிட்டல் மீட்டரோட உள்தடை 10 மெகா ஓம். பிரைமரி சுத்துக்கும் செகண்டரி சுத்துக்கும் நடுவுல சில நூறு பிக்கோபாரட் கப்பாசிட்டன்ஸ் எப்பவும் உண்டு, எதுலயும் சேராம மிதக்குற மெட்டலுக்கு அது வழியா கொஞ்சூண்டு கரண்ட் கசியும், மீட்டர் இழுக்குற கரண்ட்டும் கொஞ்சம்தான்ங்கறதால பெரிய வோல்டேஜா காட்டும்.

உண்மையான லீக்கா பேய் வோல்டேஜான்னு பிரிக்க ஒரு வழி இருக்கு. பவர் ஆஃப்ல வச்சு, மீட்டர் முனைக்குக் குறுக்க 100கே 1 வாட் ரெசிஸ்டர் ஒன்ன கிளிப்ல மாட்டிட்டு, கைய எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. அஞ்சாறு வோல்ட்டுக்குக் கீழ விழுந்தா அது கப்பாசிட்டிவ் கசிவுதான். அப்படியே நின்னா டிரான்ஸ்பார்மர்ல கோளாறு, உடனே ஆஃப் பண்ணிட்டு அதை மாத்துங்க. எப்படி வந்தாலும் மூணு பின் கார்டு கட்டாயம், பச்சைஒயர் சொன்னதுல ஒரு வார்த்தை கூட நான் மாத்த மாட்டேன்.

இப்ப ஹம். போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் ஏதாவது எறக்கி ஸ்பீக்கர் கிட்ட வச்சு எந்த எண்ல முதல் முள்ளு நிக்குதுன்னு பாருங்க. 50 ஹெர்ட்ஸ்னா காத்து வழியாவோ காந்தப் புலம் வழியாவோ ஏறுது, இல்லேன்னா எர்த் லூப் (எர்த் ரெண்டு வழில சேந்து வளையமாகறது). 100, 200, 300னு வரிசையா நின்னா அது ரெக்டிபையர் பக்கத்து சமாச்சாரம். அதுக்கப்புறம் இன்புட் ஆர்சிஏவ ஷார்ட் பண்ணி, வால்யூம முழுசா கொறச்சு கூட்டி, சத்தம் மாறுதான்னு எழுதுங்க. இந்த ரெண்டு விஷயம் தெரியாம ஃபாயில் வாங்கப் போகாதீங்க.

---

ஆறுதந்தி | பதிவு 5

நான் கிடார் ஆள். எலெக்ட்ரிக் கிடார் ஃபுல்லா மரம்தான், உள்ள குடைஞ்ச பள்ளத்துல காப்பர் டேப் ஒட்டி ஷீல்டு பண்றதுதான் எங்க ஊர்ல எல்லாரும் பண்றது. அலுமினிய ஃபாயில் வேணாம் ப்ரோ, அதுல ஈயம் ஒட்டாது. காப்பர் டேப் வாங்கு. அதுலயும் பல டேப்ல பின்னாடி இருக்க பசை கரண்ட் கடத்தாது, ஒரு துண்டு மேல இன்னொரு துண்டு ஏறுற எடத்துல ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பொட்டு ஈயம் வச்சே ஆகணும், இல்லேன்னா ஒட்டுனது எல்லாம் தனித்தனித் தீவு. ஒட்டி முடிச்சு மூலைக்கு மூலை மீட்டர் வச்சுப் பாரு.

---

தேக்குப்பலகை | பதிவு 6

மில்லிவோல்ட் மேடம், 100கே போட்டதும் 90லேர்ந்து 2 வோல்ட்டுக்கு வந்துடுச்சு. உசுரு வந்துச்சு.

ஸ்பெக்ட்ரம்ல 100, 200, 300, 400னு சீப்பு மாதிரி நிக்குது, 50 பக்கம் சின்னதா ஒன்னு. இன்புட் ஷார்ட் பண்ணாலும் "ர்ர்ர்" அப்படியே. வால்யூம் ஜீரோலயும் அப்படியே. நாப் தொட்டா மாறுற சத்தம் வேற மாதிரி, அது வால்யூம் பாதிக்கு மேல போனாத்தான். ஸ்பீக்கர் டெர்மினல்ல மீட்டர்ல 36 மில்லிவோல்ட் காட்டுது. உள்ள எடுத்த போட்டோ போட்டிருக்கேன், ஒயரிங் அசிங்கமா இருக்கும், திட்டாதீங்க.

---

வால்வுகாலம் | பதிவு 7

போட்டோவ ரெண்டு வாட்டி பெருசாக்கிப் பாத்தேன் தம்பி. மரத்து மேல பழி போடாதீங்க, அது ஒன்னும் பண்ணல.

உங்க ஆம்ப் போர்டோட ஜீரோ ஒயர் எங்கேர்ந்து கெளம்புதுன்னு பாருங்க. டிரான்ஸ்பார்மர் நடு டேப் (20-0-20ல இருக்க 0 ஒயர்) வந்து எறங்குற லக்குலேர்ந்து எடுத்திருக்கீங்க. அந்த லக்குலேர்ந்து கப்பாசிட்டருக்கு இன்னும் ஒரு சாண் ஒயர் போகுது. அந்த ஒரு சாண்தான் உங்க சத்தம்.

வீட்டுல மோட்டார் போட்டு டேங்குல தண்ணி ஏத்துறோம்ல, அந்த ஏத்துற பைப்புலயே நடுவுல ஒரு குழாய் வச்சா என்ன ஆகும்? மோட்டார் துப்புறப்பல்லாம் குழாயும் துப்பும். டேங்க் அடிலேர்ந்து எறக்குன குழாய்ல ஒரே சீரா வரும். கப்பாசிட்டர்தான் உங்க டேங்க். நடு டேப்புக்கும் கப்பாசிட்டருக்கும் நடுவுல ஓடுறது செகண்டுக்கு நூறு தடவ அடிச்சு அடிச்சு நிறுத்துற கரண்ட், அந்த ஒயர்ல நீங்க சிக்னல் கிரவுண்ட சேக்கவே கூடாது. ரெண்டு கப்பாசிட்டரும் சேர்ற நடு புள்ளிலேர்ந்து ஒரு குட்டி ஒயர் இழுத்து ஒரு பித்தளை போல்ட்ல கட்டுங்க, அதுதான் ஸ்டார். ஸ்பீக்கர் மைனஸ் அங்க, ஆம்ப் போர்டு ஜீரோ அங்க, டோன் போர்டு ஜீரோ அங்க, ஒவ்வொன்னும் தனித்தனி ஒயரா.

இன்னொன்னு. நான் 1974ல ரேடியோ கடைல வேலைக்குச் சேந்தப்ப மேஜை மேல வந்ததெல்லாம் மரப்பெட்டி ரேடியோதான், மர்ஃபி, பிலிப்ஸ். ஒன்னுலயும் ஹம் இல்ல. ஏன்னா பின்மூடிய கழட்டுனா உள்ள இரும்புத் தகடு சேசிஸ் ஒன்னு இருக்கும், வால்வு, டிரான்ஸ்பார்மர், எல்லாம் அதுலதான். மரம் அதுக்குச் சட்டை மாதிரி, உடம்பு சேசிஸ்தான். டிரான்ஸ்பார்மரே இல்லாத ஏசி டிசி செட்டுல அந்த சேசிஸ் நேரா மெயின்ஸ்லயே நிக்கும், நாப்போட குட்டி ஸ்க்ரூ கூட கைல படக் கூடாதுன்னு அந்தக் குழிய மெழுகு ஊத்தி மூடி அனுப்புவாங்க. அதைச் சுரண்டுனா முதலாளி கைலயே ஒன்னு போடுவாரு. அவ்ளோ பயம் அப்ப இருந்துச்சு.

---

மில்லிவோல்ட் | பதிவு 8

ஐயா சொன்னதுக்குக் கணக்கும் பொருந்துது. 1 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் ஒரு சாணுக்கு, அதாவது 20 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3.4 மில்லி ஓம். பாட்டு இல்லாதப்பவும் ரெக்டிபையர் துடிப்பு அரை ஆம்பியர் அளவுக்குப் போகலாம், அப்ப அந்த ஒயர்ல 1.7 மில்லிவோல்ட். ஆம்ப் அதை இருபது மடங்கு பெருக்குனா 34 மில்லிவோல்ட். நீங்க அளந்தது 36. துல்லியமா ஒத்துப்போனது தற்செயல்தான், ஆனா அளவு எவ்ளோன்னு புரியும். ஒரு சாண் ஒயர் சும்மா ஒயர் கெடையாது, அது ஒரு ரெசிஸ்டர்.

---

பச்சைஒயர் | பதிவு 9

பேச்சு ஒரு குழப்பத்துல போகுது, அதைத் தெளிவாக்கிடறேன். நம்ம ஊர் மெக்கானிக் ஜீரோ வோல்ட்டையும் எர்த்தும்பாங்க, பாடியையும் எர்த்தும்பாங்க, சுவத்துல வர்ற பச்சையையும் எர்த்தும்பாங்க. இந்த இழைல எர்த்துன்னா பச்சை ஒயர் மட்டும். உள்ள இருக்கறது ஜீரோ. சரியா?

---

வால்வுகாலம் | பதிவு 10

சரி. பச்சைய ஹீட்சிங்க்ல மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க தம்பி!! உங்க ஐசி பேர் கடைசில டி மட்டும் இருக்கா, டிஎஃப்னு இருக்கா? டி மட்டும்னா அதோட முதுகு மெட்டல், அந்த முதுகு மைனஸ் சப்ளைல சேந்திருக்கு. நடுவுல கரண்ட் கடத்தாத மைக்கா தகடு வச்சீங்களா? ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ் போட்டீங்களா? ஐசி முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் ஓம்ஸ் பாருங்க. மைக்கா இல்லாம ஹீட்சிங்க எர்த் பண்ணி, ஜீரோவையும் எர்த் பண்ணா, மைனஸ் 28 வோல்ட் நேரா ஷார்ட். 10000 மைக்ரோபாரட் கப்பாசிட்டர்ல இருக்கறது மொத்தமும் உங்க கண்ணு முன்னாடி தீப்பொறியா பறக்கும்.

---

தேக்குப்பலகை | பதிவு 11

ஐயா கை நடுங்குது. டி தான். ரெண்டுக்கும் மைக்கா வச்சிருந்தேன், ஒன்னுல ஓம்ஸ் ஓப்பன் (தொடல). இன்னொன்னு 0.3 காட்டுது. கழட்டிப் பாத்தா மைக்கா நல்லா இருக்கு, புஷ்தான் ஓரத்துல முடி அளவு வெடிச்சு அதுக்குள்ள ஸ்க்ரூவோட மரை ஐசி ஓட்டை விளிம்பத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. டார்ச் அடிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, கருப்பு புஷ்ல ஒரு வெள்ளி மினுமினுப்பு. ரொம்ப முடுக்கிட்டேன் போல. இத்தனை நாளா ஹீட்சிங்க் மொத்தமும் மைனஸ் 28ல நின்னிருக்கு. நீங்க ஒரு பத்து நிமிஷம் லேட்டா எழுதியிருந்தா பச்சைய முடுக்கி ஆன் பண்ணியிருப்பேன்.

புது புஷ் போட்டு ரெண்டும் ஓப்பன்னு பாத்துட்டேன். நாளைக்கு ஸ்டார்.

---

தேக்குப்பலகை | பதிவு 12

ஸ்டார் மாத்தியாச்சு, மூணு பின் கார்டு மாட்டியாச்சு. "ர்ர்ர்" போயே போச்சு! ஸ்பீக்கர்ல இப்ப 2 மில்லிவோல்ட், காத கோன்ல ஒட்டி வச்சாத்தான் மெலிசா "ம்ம்ம்". ஃபாயில் ஒரு துண்டு கூட ஒட்டல. என்னால நம்ப முடியல.

மிச்சம் ரெண்டு பிரச்சனை. வால்யூம் மேல போனா, நாப் கிட்ட கை போனா ஒரு 50 ஹெர்ட்ஸ் ஹம் ஏறுது. லேப்டாப் சார்ஜர்ல இருக்கப்ப இப்ப முன்னவிட ஜாஸ்தி ஹம், சார்ஜர உருவுனா சுத்தம்.

---

ஆறுதந்தி | பதிவு 13

முதலாவது ஷீல்டு இல்லாத கதை. இப்ப பெட்டி முழுக்க காப்பர் ஒட்டு, தைரியமா.

---

மில்லிவோல்ட் | பதிவு 14

பெட்டி முழுக்கன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு காரணம்.

கை கிட்ட போனா ஏறுறது மின்புலம். அதுக்கு எவ்ளோ மெல்லிசு ஃபாயிலும் போதும், ஆனா அது சிக்கறது 50கே வால்யூம், டோன் போர்டு, அதுக்கு வர்ற ஒயர், இவ்ளோதான். பவர் ஆம்ப், ரெக்டிபையர் பக்கம் மூடி ஒரு லாபமும் இல்ல. டிரான்ஸ்பார்மர்லேர்ந்து வர்றதோ காந்தப் புலம், அதுக்கு காப்பர் டேப் இருக்கறதும் இல்லாததும் ஒன்னு. 50 ஹெர்ட்ஸ்ல செம்போட ஸ்கின் டெப்த் (புலம் உள்ள எறங்கி அடங்குற ஆழம்) 9 மில்லிமீட்டருக்கு மேல, அந்தத் தடிமனுக்கு டேப் ஏது? காந்தப் புலத்துக்கு தூரம்தான் மருந்து, தூரத்த ரெட்டிப்பாக்குனா சுமாரா எட்டுல ஒரு பங்காயிடும். ஈஐ டிரான்ஸ்பார்மர போல்ட் போடாம, மேல டேப் ஒட்டுன அட்டை சுத்தி, வால்யூம் முழுசா வச்சு கொஞ்சம் கொஞ்சமா திருப்பிப் பாருங்க, ஒரு கோணத்துல ஹம் அடங்கும். அந்தக் கோணத்துல பென்சில் கோடு போட்டு போல்ட் போடுங்க. பிரைமரி ஒயரத் தொடாம திருப்பணும், ஒவ்வொரு தடவையும் பிளக்க உருவிட்டு.

இன்னொரு காரணம் பயம். மெயின்ஸ் ஒயர் கழண்டு மெல்லிசு ஃபாயில் மேல விழுந்தா ஃபியூஸ் போறதுக்குள்ள ஃபாயில் எரிஞ்சு அத்துப்போகும், சுத்தி தேக்குப் பலகை. மெயின்ஸ் பக்கம் ஃபாயில் கூடாது.

---

வால்வுகாலம் | பதிவு 15

மேடம் சொன்னதுதான் சரி. டோன் போர்டுக்கு மட்டும் ஒரு டப்பா பண்ணுங்க. நான் பண்றது எண்ணெய் டின் தகரம், சும்மா கெடைக்கும், கத்திரிக்கோல்ல வெட்டலாம், வெள்ளீயம் பூசுனதால சால்டரிங் அயன் வச்சதும் ஈயம் வழுக்கிக்கிட்டு ஓடும், இரும்புங்கறதால காந்தப் புலத்தையும் கொஞ்சம் திருப்பி விடும். வெட்டுன ஓரம் கைய அறுக்கும், மடிச்சு விடுங்க. வெறும் காப்பர் போர்டு துண்டு இருந்தா அதையும் நாலு மூலைல ஈயம் வச்சு பெட்டியாக்கலாம்.

வால்யூம் பாடிய மறக்காதீங்க. மெட்டல் சேசிஸ்னா நட் முடுக்குனதும் தானா பாடில சேந்துடும், மரத்துல அது மிதக்கும், அதான் நாப் தொட்டா சத்தம் மாறுது. நட்டுக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு லக் போட்டு ஒயர் எடுங்க. பாடில நேரா பத்தவைக்கணும்னா மொதல்ல உப்புத்தாள் போட்டு, 60 வாட் அயன்ல சட்டுனு வச்சு எடுக்கணும், ரொம்ப நேரம் சுட்டா உள்ள கார்பன் டிராக் போயிடும்.

மரத்துல ஒரு சௌகரியமும் இருக்கு, யாரும் சொல்லல. ஆர்சிஏ சாக்கெட்ட இரும்புப் பெட்டில மாட்டுனா பிளாஸ்டிக் வாஷர் வச்சு பிரிக்கணும், இல்லேன்னா ஜீரோ ரெண்டு எடத்துல பாடியத் தொடும். மரத்துல அந்தக் கவலையே இல்ல, தானாவே தனியா நிக்கும்.

---

ஆறுதந்தி | பதிவு 16

தகர டப்பா ஒத்துக்கறேன். அந்த டப்பாவும் வால்யூம் பாடியும் ஜீரோலயா எர்த்லயா? கிடார்ல எல்லாம் ஜீரோதான், எங்களுக்கு எர்த்னு தனியா கெடையாது.

---

பச்சைஒயர் | பதிவு 17

கிடாருக்குள்ள 230 வராது, இங்க வரும். கை படுற மெட்டல், ஷீல்டு, டிரான்ஸ்பார்மர் கால், ஹீட்சிங்க், எல்லாம் பச்சைல நேரா. நடுவுல எதுவும் கூடாது. இதுல பேரம் இல்ல.

---

மில்லிவோல்ட் | பதிவு 18

ஆமா. அதுக்கப்புறம் ஸ்டார் ஜீரோவ ஒரே ஒரு எடத்துல எர்த்தோட சேக்கணும், டிரான்ஸ்பார்மர் உள்ள உடைஞ்சாலும் ஃபியூஸ் போறதுக்காக. நேரா சேத்தா உங்க லேப்டாப் பிரச்சனை வரும்: சார்ஜர் மூணு பின், அது வழியா ஒரு எர்த், ஆம்ப் வழியா ஒரு எர்த், ஆர்சிஏ ஒயரோட ஷீல்டு ரெண்டையும் இணைச்சு ஒரு வளையம் ஆயிடுது. பச்சைய மட்டும் கட் பண்ணிரலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

வழி இதுதான். ஸ்டார் ஜீரோவுக்கும் எர்த் போல்ட்டுக்கும் நடுவுல 10 ஓம்ஸ் 5 வாட், அதுக்குக் குறுக்க 100 நானோபாரட், அதுக்கும் குறுக்க இன்னொரு 35 ஆம்பியர் பிரிட்ஜ். பிரிட்ஜோட பிளஸ் மைனஸ் ரெண்டையும் ஒன்னா ஷார்ட் பண்ணிட்டு, ரெண்டு ஏசி காலயும் ஒன்ன ஜீரோவுக்கும் ஒன்ன எர்த்துக்கும். வளையத்துல வர்ற மில்லிவோல்ட்டுக்கு 10 ஓம்ஸ் ஒரு தடை, பெரிய ஃபால்ட் வந்தா டயோடு தெறந்து மொத்த கரண்ட்டையும் எர்த்துக்கு விட்டு ஃபியூஸ எரிச்சிடும். சின்ன பிரிட்ஜ் போட்டு ஏமாத்தாதீங்க, ஃபியூஸுக்கு முன்னாடி அது போயிடக் கூடாது. முதல்ல லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டிப் பாருங்க, அதுலயே கொஞ்சம் கொறையலாம்.

---

தேக்குப்பலகை | பதிவு 19

நாலு நாள் ஆச்சு, எல்லாம் பண்ணிட்டேன். நல்லெண்ணெய் டின் ஒன்ன வெட்டி டோன் போர்டுக்கு டப்பா, வால்யூம் பாடிக்கு லக், டிரான்ஸ்பார்மர் இப்ப முன்ன இருந்ததுலேர்ந்து கால்வாசி திரும்பி நிக்குது, அந்தக் கோணத்துல ஹம் சட்டுனு விழுந்தப்ப பக்கத்துல இருந்த ஆசாரி மாமாவே "என்னடா ஆஃப் பண்ணிட்டியா"ன்னு கேட்டாரு. 10 ஓம்ஸ் போட்டதும் லேப்டாப் ஹம் போச்சு. ஸ்பீக்கர்ல 0.4 மில்லிவோல்ட், வால்யூம் பாதில. நேத்து ராத்திரி தாத்தாவுக்குப் பிடிச்ச நாதஸ்வரம் போட்டேன், கச்சேரில ஆலாபனைக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா இருப்பாங்கல்ல, அந்த நிமிஷத்துல கூட்டத்துல யாரோ இருமுறது தெளிவா கேட்டுச்சு. இதுக்கு முன்னாடி அந்த இருமலே எனக்குத் தெரியாது.

எர்த் போல்ட் போட்டோ போட்டிருக்கேன், சரியான்னு பாருங்க.

---

பச்சைஒயர் | பதிவு 20

போட்டோ பாத்தேன். போல்ட்டு லக், மரப்பலகை, அந்தப் பக்கம் நட்டுன்னு மரத்த நடுவுல வச்சுல்ல முடுக்கியிருக்க. அது கூடாது தம்பி. மழைக்கு மரம் ஊதும், சித்திரை வெயில்ல சுருங்கும், ஆறு மாசத்துல போல்ட் லூசாயிடும், எர்த் இருக்கும் ஆனா இருக்காது. லக், பல்லு வாஷர், நட்டு மூணும் மெட்டலும் மெட்டலுமா ஒன்ன ஒன்னு இறுக்கிக்கணும், மரத்துக்கு அதுக்குக் கீழ தனி நட்டு.

---

தேக்குப்பலகை | பதிவு 21

இப்பவே கழட்டிட்டேன் அண்ணே. டிரான்ஸ்பார்மர் கால்லயே தகடுல ஓட்டை போட்டு, நட்டு மேல இன்னொரு நட்டு போட்டு முடுக்கியாச்சு. பின்லேர்ந்து ஹீட்சிங்குக்கு 0.2 ஓம்ஸ், லீட சேத்து வச்சாலும் அதே 0.2தான்.